‘குளுந்தாச்சு’ என்ற சொல்

இன்று காலை என் வீட்டுக்காரி பிலோமினா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது என் காக்கிச் சட்டைப் பையிலிருந்து அந்தப் பியூஸ் கட்டை நழுவிக் கல்லில் விழுந்தது. ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பீங்கான், இரண்டு பக்கமும் பித்தளை நாக்கு, நடுவில் எப்போதோ தீய்ந்த பழுப்புக் கறை. அவ்வளவுதான் அது. அவள் அதைப் பொறுக்கி ஈரக் கையில் வைத்துக்கொண்டு, “செத்தவன் நெனப்ப இன்னும் எத்தினி நாளுய்யா பாக்கெட்ல போட்டுகினு சுத்துவ? கடல்ல வுட்டெறி” என்றாள்.

நான் அவளிடம் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்தாள்? அந்தக் கத்தல் உனக்கு வரவேண்டியது. நீ இல்லாத குறைக்கு அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோதே நீ கடிதம் படிக்கிற ஆள் இல்லை. யாராவது படித்துக் காட்டினால் பாதியில் குறுக்கே பேசுவாய். இப்போதாவது வாயை மூடிக்கொண்டு கேள். நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்டி முடித்துவிடுகிறேன்.

நீயும் நானும் ஹார்பரில் ஒயர்மேன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராயபுரத்துத் தெருக்களில் பாதிக்கு மேல் இருட்டு. நம் சந்தில் சீமெண்ணெய் விளக்கு. ஆனால் ஹார்பர் ஷெட்டுக்குள் போனால் கூரையிலிருந்து வரிசையாகப் பல்பு தொங்கும். மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் அதைக் கண்டு பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ஒரு ஆள் பீடியை வாயில் வைத்துக்கொண்டு பெட்டி மேல் ஏறி நின்று, பல்பில் பற்றவைக்கப் பார்த்தான். காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த ஒரு மீன்காரம்மா, இதற்கு எண்ணெய் எந்த வழியாக ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். நீ கூடையை இறக்கி வைக்கச் சொல்லி அவளுக்குப் பாடம் நடத்தினாய். உனக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், கையில் இருக்கிற குறடு தானாகக் கீழே போய்விடும்.

நீ சொன்னது இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சாயங்காலம் சங்கு ஊதினதும் ஹார்பர் கேட்டைப் பார்த்திருக்கிறாயா என்று அவளைக் கேட்டாய். உள்ளே அகலமான ரோட்டில் ஆட்கள் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். சின்னத் திட்டிவாசலில் வந்ததும் ஒருத்தன் தோளை ஒருத்தன் இடிக்கிறான், வியர்க்கிறது, சண்டை வருகிறது. வருகிற ஆளும் அதே ஆள்தான், போகிற ஆளும் அதே ஆள்தான். வழி ஒடுங்கினதுதான் வித்தியாசம். கரண்டும் அப்படித்தான் என்றாய். தடித்த செம்புக் கம்பியில் சும்மா நடந்து வரும். பல்புக்குள் முடியை விட மெல்லிய ஒரு கம்பி இருக்கிறது. அதற்குள் நுழைகிறபோது இடிபட்டுச் சூடாகும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சள், இன்னும் ஊதினால் வெள்ளை. பல்பில் நீ பார்க்கிற வெளிச்சம் அந்த வெள்ளைதான், எண்ணெயும் இல்லை திரியும் இல்லை, சூடேறின கம்பி, அவ்வளவுதான் என்று முடித்தாய். அந்த அம்மா, அப்படியென்றால் அது எரிந்து சாம்பலாகவில்லையே ஏன் என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

அதற்குத்தான் நீ மறுநாள் அந்தக் கூத்து நடத்தினாய். ஒரு பல்பின் கண்ணாடி மூக்கில் அரத்தால் கீறி, காற்று போகிற அளவுக்கு ஒரு விரிசல் உண்டாக்கி, ஹோல்டரில் மாட்டி சுவிட்சைப் போட்டாய். ஒரு பளிச். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை சுழன்றது. கம்பி போன இடம் தெரியவில்லை. கண்ணாடி எதற்கு என்று இப்போது தெரிகிறதா, வெளிச்சத்தை மூடிவைக்க இல்லை, காற்றை வெளியே நிறுத்த என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னாய். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள், அல்லது எதையும் எரியவிடாத வேறு ஒரு காற்றை அடைத்துவிடுகிறார்கள். கம்பி வெள்ளையாகக் காய்ந்தாலும் எரிய முடியாமல் கிடக்கிறது என்றாய். பாதி உயிரோடு கிடக்கிற மாதிரி என்று ஒரு மூட்டைக்காரன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பல்பு ஒன்றை நாசம் செய்ததற்குத் துரையிடம் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்துப்போவதையும் நீதான் காட்டினாய். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் போய் ஒட்டுகிறது. கம்பி இளைக்கிறது. ஏதோ ஓர் இடத்தில் மிக மெலிந்துபோகிறது. அங்கேதான் ஒரு நாள் அறுகிறது. ஆனால் எப்போது அறுகிறது? இதை நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் போவதில்லை, சுவிட்சைப் போடுகிற அந்த நொடியில்தான் போகும் என்றாய். சூடான கம்பி கரண்டைத் தடுத்துத் தடுத்து விடும். குளிர்ந்த கம்பிக்குத் தடுக்கத் தெரியாது. கரண்டு மொத்தமாக உள்ளே பாய்ந்துவிடும்.

“சூடான கம்பிய நம்பலாம் அந்தோணி. குளுந்த கம்பியத்தான் நம்பக் கூடாது.”

இதைச் சொன்ன வாய் உன்னுடையது. எழுதி வைத்துக்கொள், அங்கே எழுதுகிற வசதி இருந்தால்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

நம் வேலையில் ஒரு பல்பை மாற்றவோ ஹோல்டரைக் கழற்றவோ வேண்டுமானால் ஒருத்தன் ஏணியில் நிற்பான், ஒருத்தன் ஷெட்டின் மறுகோடியில் போர்டண்டை நிற்பான். நடுவே மூட்டை அடுக்கு மலை மாதிரி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. போர்டில் நிற்கிறவன் அந்த லைனின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும். கட்டையைப் பிடுங்கினால் அந்த லைனில் கரண்டு கிடையாது. நாம் சேர்ந்த நாளிலிருந்து எல்லா ஒயர்மேனும் சொன்னது ‘செத்தாச்சு’ என்ற சொல்தான். ஏணியில் இருக்கிறவன் “செத்தாச்சா?” என்பான். போர்டிலிருந்து “செத்தாச்சு” என்று வரும். அதில் குழப்பமே கிடையாது. ஷெட்டில் வேறு யாரும் அந்தச் சொல்லைச் சும்மா சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் உனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருவொற்றியூர்ப் பெண், கன்னியம்மாள். நான்தான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி குதிரை வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நீ படுக்கப் போகும் முன் வெளக்க அணைச்சுடு என்று சொன்னாயாம். அவள் பதறிப்போய் உன் வாயைக் கையால் பொத்தினாளாம். விளக்கை அணை என்று சொல்லலாமா, குடும்பம் விளங்குமா, ‘குளுர வை’ என்று சொல்லக் கூடாதா என்று கண் கலங்கினாளாம். மறுநாள் டீக்கடையில் இதை நீ என்னிடம் சொன்னபோது உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஒரு பெண் நம் உயிருக்காக ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள் என்றால் சும்மாவா என்றாய். சரி, புது மாப்பிள்ளை, உளறட்டும் என்று விட்டேன்.

நீ அதோடு விட்டாயா? வீட்டில் இருக்க வேண்டிய சொல்லை ஹார்பருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஏணியில் ஏறி நிற்கிறவன் காது கேட்க ‘செத்தாச்சு’ என்று கத்துவது நல்லதா, வாயில் நல்ல வார்த்தை வரக் கூடாதா என்று ஒவ்வொருத்தனிடமும் போய்ச் சொன்னாய். இனிமேல் ‘குளுந்தாச்சு’ என்று சொல்ல வேண்டும் என்றாய். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. பிடிக்காதா? அவரவர் வீட்டிலும் பெண்டாட்டி இருக்கிறாள்.

நான் ஒருவன்தான் சண்டைக்கு நின்றேன். எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்ததும் மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைக்கிறோம், இதுவரை யார் செத்தார்கள் என்று கேட்டேன். உங்க சாமி வேற, எங்க சாமி வேற என்றாய். சாமி வேறாக இருக்கட்டும், கரண்டு ஒன்றுதானே என்றேன். எண்ணெய் விளக்கில் சுடர் போனால் எல்லாம் போயிற்று. மிச்சம் ஒன்றும் கிடையாது. பல்பில் அப்படியா? விளக்கு எரியவில்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். கரண்டு அந்த அறுந்த இடம் வரைக்கும் வந்து நின்றுகொண்டு, போக வழி கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருக்கும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். அப்படி இருக்க, விளக்குக்குச் சொல்கிற வார்த்தையைக் கொண்டுவந்து லைனுக்கு வைக்கலாமா? ஊரில் இருக்கிற அத்தனை பேரும் விளக்கு போனால் அந்தச் சொல்லைத்தானே சொல்கிறார்கள்?

“நீ இன்னா தோஸ்து, ஒரு வார்த்தைக்குப் போயி இம்மாம் பேஜார் பண்றே” என்று என் டீக்கும் சேர்த்து நீயே காசு வைத்துவிட்டு எழுந்து போனாய்.

ஒரு வார்த்தைக்குப் போய். கஸ்மாலம்.

அன்று மத்தியானம் நடந்ததை உன்னைவிட எனக்குத்தான் முழுசாகத் தெரியும், ஏனென்றால் உனக்குப் பாதியில் உயிர் போய்விட்டது. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஷெட்டில் மூட்டைகளைக் கட்டித் தூக்குகிற வலை ஒன்று ஆடிப்போய் மூலை விளக்கில் இடித்தது. பல்பின் கண்ணாடி நொறுங்கிக் கொட்டிவிட்டது. பித்தளை அடி மட்டும் ஹோல்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. கம்பியைத் தாங்குகிற இரண்டு முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பகலிலும் இருட்டாக இருக்கிற மூலை என்பதால் அதற்கென்று தனி லைன், தனிப் பியூஸ். அந்த லைனில் வேறு விளக்கே கிடையாது. ஒன்று இருந்திருந்தால் அது எரிகிறதைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். என்னை அப்போது துரை ஒரு கப்பலுக்கு அனுப்பியிருந்தார். நான் வந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

நீ எனக்காக நிற்கவில்லை. ஏணியைச் சாத்தி, இரும்பு உத்தரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நான் போர்டுக்கு வந்திருப்பேன் என்று நீயே தீர்மானித்துக்கொண்டு, “குளுந்தாச்சா?” என்று குரல் கொடுத்தாய்.

மூட்டை அடுக்குக்கு அந்தப் பக்கம் மூட்டைக்காரர்களின் மேஸ்திரி நின்றிருந்தான். அவன் ஆட்களின் வலைதான் பல்பை உடைத்தது. துரை வருவதற்குள் புதுப் பல்பு மாட்டிவிட்டால் தேவலை என்று அவனுக்கு அவசரம். யாரோ விளக்கைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தான். அவன் வீட்டிலும் விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள். “குளுந்தாச்சு, அது எப்பவோ குளுந்தாச்சு” என்று பதில் சொன்னான்.

அவன் சொன்னது பொய்யில்லை. விளக்கு எப்போதோ குளிர்ந்துதான் போயிருந்தது. கரண்டு மட்டும் அந்த முள் வரைக்கும் வந்து காத்திருந்தது, நீ அதில் கையை வைத்தாய்.

நான் இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். என் குரல் உனக்குத் தெரியாதா? எத்தனை ஷெட்டில், எத்தனை கப்பலில், மழையிலும் வெயிலிலும் உனக்கு மறுகோடியிலிருந்து குரல் கொடுத்தவன் நான். ராயபுரம் மாதாகோயில் பாட்டுக்காரன் மாதிரி கட்டைக் குரல் என்று கேலி செய்வாயே, அது. அந்த மேஸ்திரிக்கு மூக்கில் பேசுகிற குரல். அதையும் இதையும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு உன் காதை என்ன அடைத்தது? அந்தச் சொல் அடைத்தது. நல்ல சொல் காதில் விழுந்ததும் யார் சொன்னது என்று கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

நான் கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது உன்னைக் கீழே கிடத்தியிருந்தார்கள். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் உன்னிடம் முதலில் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேராகப் போர்டுக்குப் போனேன். பியூஸ் கட்டை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. பியூஸ் என்பதும் ஒரு மெல்லிய கம்பிதான், பல்புக் கம்பிக்கு உறவுக்காரன். பல்பில் அந்தக் கம்பி உருகக் கூடாது. பியூஸில் சூடு மிஞ்சினால் உருகி, வழியை அறுத்து, மற்றதைக் காப்பாற்ற வேண்டும். நீ செத்ததற்கு அது உருகவில்லை. ஒரு மனுஷனைக் கொல்ல அவ்வளவு கொஞ்சம் கரண்டு போதும், பியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. ஷெட்டின் மற்ற விளக்குகள் கண் கூடச் சிமிட்டியிருக்காது. கம்பிகளைக் காப்பாற்றத்தான் அந்தப் பீங்கானைச் செய்திருக்கிறார்கள், நம்மைக் காப்பாற்ற இல்லை. நான் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். யார் கேட்டும் திருப்பித் தரவில்லை. இன்று காலை கல்லில் விழுந்து மூலை பெயர்ந்தது அதுதான்.

அப்புறம் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. ஒரு குமாஸ்தா நின்றுகொண்டு நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் சொன்னார். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத கோட்டு. மேஸ்திரி உள்ளதை உள்ளபடி சொன்னான். விளக்கைத்தான் சொன்னேன் என்று அழுதான். நான் எழுந்து, அது லைனுக்கு நாங்கள் வைத்திருக்கிற சொல், விளக்குக்கும் ஊரில் அதே சொல்தான், அதனால்தான் குழம்பிப்போயிற்று என்று சொன்னேன். குமாஸ்தா துரையிடம் ஏதோ சொன்னார். அதில் ‘கோல்டு’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. துரை புருவத்தைத் தூக்கி, விளக்கு சில்லென்று இருந்தால் கரண்டு இல்லை என்று ஒரு ஒயர்மேன் எப்படி நினைப்பான் என்று கேட்டதாகக் குமாஸ்தா எங்களிடம் தமிழில் சொன்னார்.

அந்தக் குமாஸ்தா வீட்டில் சாயங்காலம் விளக்கை என்ன சொல்லி அணைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். என் கண்ணைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். நம் வீட்டு வழக்கத்தை ஒரு வெள்ளைக்காரனிடம் விளக்கிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ‘தன் கவனக்குறைவால்’ என்று முடித்துவிட்டார்கள். எத்தனையோ முறை துரைகளைத் திட்டியிருக்கிறேன். ஆனால் படுத்தால் என் கண்ணில் நிற்பது அந்த விபூதி நெற்றிதான்.

கவனக்குறைவு என்றால் நம் சந்தில் வேறு பொருள். கள்ளு என்று பொருள். மத்தியானமே போட்டுவிட்டு ஏறினானாம் என்று குழாயடியில் பேசினார்கள். நீ பொங்கலுக்குக்கூடத் தொடாதவன். கன்னியம்மாள் ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டாள், குடித்திருந்தாரா என்று. இல்லை என்றேன். பின்னே எப்படி என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் தெரியுமா? அந்தச் சொல் அவளுடையது. அவள் உன் வாயைப் பொத்தி உனக்குக் கொடுத்த சொல். அதைத்தான் நீ ஏணி வரைக்கும் கொண்டுபோனாய், அதனால்தான் போய்ச் சேர்ந்தாய் என்று நான் எந்த வாயால் அவளிடம் சொல்வேன்? கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம்? சொல்லாவிட்டால், புருஷன் குடித்துச் செத்தான் என்று ஊர் சொல்வதை அவள் பாதி நம்பிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னால், தானே கொன்றோம் என்று முழுசாக நம்புவாள். என்னை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, கம்பி நீட்டுகிற வேலைக்கு வந்தவன் நீயே கம்பி நீட்டிவிட்டாய். உன் பேர் கெட்டுக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பெரிய பங்கு இதற்குத்தான்.

ஹார்பரில் அந்தச் சொல்லை நான் ஒழித்துவிட்டேன். ‘செத்தாச்சு’ என்பதையும் ஒழித்துவிட்டேன். என் கையின் கீழ் வேலை செய்கிறவன் எவனும் யார் குரலையும் கேட்டுக்கொண்டு ஏணியில் ஏறக் கூடாது. ஏறுகிறவனே போர்டுக்கு நடந்து போய்த் தன் கையால் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். வேலை முடிந்து இறங்கி, மறுபடி நடந்து போய் மாட்ட வேண்டும். நேரம் வீணாகிறது என்று துரை முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். புதிதாகச் சேருகிற பயல்கள் என்னை ‘கட்டை அந்தோணி’ என்று பின்னால் கேலி செய்கிறார்கள். அதுவும் காதில் விழுகிறது.

இனி நேற்றைய கதை.

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயிலே ஓட ஆரம்பித்துவிட்டது. நம் சந்துக்கு இப்போதுதான் கரண்டு வந்திருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு பல்பாவது போட்டுக்கொண்டார்கள். உன் வீடு மட்டும் இருட்டு. கன்னியம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உன் மகள் விடவில்லை. ரவிக்கை தைக்கிறாள் அவள், நன்றாகத் தைக்கிறாள். சீமெண்ணெய் விளக்கில் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் எரிகிறது என்று அம்மாவோடு தினமும் மல்லுக்கு நின்றிருக்கிறாள். கடைசியில் உன் பெண்டாட்டி ஆள் அனுப்பினாள், வேறு யாரும் வரக் கூடாது, அந்தோணி அண்ணாதான் வந்து போட வேண்டும் என்று.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போனேன். கம்பி இழுத்து, போர்டு அடித்து, ஹோல்டரைத் தொங்கவிடுகிற வரைக்கும் அவள் வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. கம்பி சரிதானா என்று ஒரு முறை பல்பைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. ஆனால் ஹோல்டர் சாய்ந்து தொங்கியது. அதைச் சரிசெய்ய மறுபடி ஏற வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு, போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். என் பையில் போடத்தான் போனேன். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, நேராகப் போய் அவள் கையில் வைத்தேன்.

இது உன் கையில் இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பியில் ஒன்றும் வராது, நான் இறங்கி வந்து கேட்கிற வரைக்கும் யாரிடமும் கொடுக்காதே என்றேன். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். நான் மேலே ஏறினேன். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்து கை நீட்டினேன். அவளுக்கு விரல் பிரியவில்லை. பீங்கான் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

“அன்னிக்கு இது அங்கியே இருந்திச்சா அண்ணா?” என்று கேட்டாள்.

எது எங்கே என்று நான் கேட்கவில்லை. இருந்தது என்றேன்.

அவள் கட்டையைக் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னாள். “எனுக்கு எல்லாம் தெரியும்ணா. அந்த மேஸ்திரி காரியத்தன்னிக்கே வந்து வாசல்ல குந்திகினு அழுதான். அவன் சொன்ன வார்த்தையச் சொன்னான். எங்கேர்ந்து போன வார்த்தனு எனுக்குத் தெரியாதா? நீ சொல்லுவ சொல்லுவனு பாத்தேன். நீ சொல்லல. நானும் கேக்கல.”

இத்தனை வருஷமும் நான் அவளுக்காகப் பொத்தி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகப் பொத்தி வைத்திருக்கிறாள். ஒரே சந்தில், எதிரும் புதிருமாக, நல்லது கெட்டதுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறோம். நல்ல வார்த்தைதான் வாயில் வர வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? கெட்டதைச் சொல்ல எங்களுக்கு வாயே இல்லாமல் போயிற்று. உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

கட்டையை மாட்டி சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. உன் மகள் தையலை எடுத்துக்கொண்டு உடனே அடியில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கிறது கம்பிதானே, சூடாகித்தானே வெளிச்சம் கொடுக்கிறது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் சொல்லியிருக்கிறார் என்றாள். அதற்கு மேல் நீ சொன்ன திட்டிவாசலையும் கொல்லன் உலையையும் அவளே எனக்குச் சொல்லிக்காட்டினாள், ஒரு சொல் பிசகாமல். இந்த வெளிச்சம் இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் அவளுக்கு எப்போதடா சொன்னாய்?

தையல் முடிகிற வரைக்கும் நானும் அங்கேயே இருந்தேன். சுடச்சுட ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். மகள் துணியை மடித்து வைத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டபோது கன்னியம்மாள் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்து, சுவிட்சைக் காட்டினாள்.

“அணைச்சுடுண்ணா” என்றாள்.

சரியாகத்தான் கேட்டேனா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி சொன்னாள், நிதானமாக. “இனிமே இந்த வூட்ல அணைனுதான் சொல்லணும். அணைச்சுடு.”

அணைத்தேன். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்பதற்கு நீ சாக வேண்டியிருந்தது, பாவி. மூலை உடைந்த இந்தக் கட்டையை நான் கடலில் எறியப் போவதில்லை. காய்ந்த சட்டையை பிலோமினா சற்று முன் கொண்டுவந்து போட்டாள். பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஷெட்டில் ஏற வேண்டிய வேலை இருக்கிறது.